மாள்ரானில் ஒரு காலி பஸ்

என்னைப் புனேக்கு அனுப்பிவைத்தது ஒரு மேகம். அதுவும் பெய்யாத மேகம்.

சிவகாசியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ உண்டு. கல்யாணம், காதுகுத்து போக, ஓர் அச்சகத்தின் காலண்டர்களுக்கு இயற்கைக் காட்சிகளும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், உரக்கடைக்காரர் ஒருவருக்காக ஒரு மேகம் எடுத்தேன். நீல வானத்தில் வெள்ளை வெளேரென்று, சலூனில் முகத்தில் அப்பிய சோப்பு நுரை மாதிரி இருக்கும். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. காலண்டர் அச்சாகி, கிராமம் கிராமமாகப் போய்ச் சுவர்களில் தொங்கியது. அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை இல்லை.

மழை இல்லாதது எங்களுக்குப் புதிதல்ல. தாளும் தீப்பெட்டியும் காய்வதற்கென்றே படைக்கப்பட்ட பூமி அது. ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் சம்சாரிகள் சும்மா இருப்பார்களா? உரம் வாங்க வந்த ஒருவர் கடைச் சுவரைக் காட்டி, “ஏன் அண்ணாச்சி, இது பெய்யாத மேகம்ல? இதை வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டா மழை எங்கிட்டு வரும்?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். சுற்றுவட்டார மழையை நிறுத்தியவன் நான் என்று ஆகிப்போனது. ஒரு ஊரில் காலண்டரைத் தேதித்தாளோடு சேர்த்துத் திருப்பி மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் தேதி கேட்டுக்கொண்டார்களாம்.

அச்சக முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“கிடைச்ச மேகத்தைத்தான முதலாளி எடுக்க முடியும்?” என்றேன்.

“கிடைக்கிற ஊருக்குப் போயி எடு. பார்க்கிறவன் குடையைத் தேடணும். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வருது. அதுல பெய்யுற மேகம் இருந்தா நீயும் இருப்ப.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா காதுகுத்தைப் பாரு.”

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் அச்சகங்கள் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடும். அதைப் பார்த்துத்தான் ஊரெங்குமிருந்து ஆர்டர் வரும். அதில் படம் இல்லாத போட்டோக்காரன் அந்த வருஷம் பிறக்காதவன்.

வைகாசி முடியப்போகிறது. எங்கள் பக்கம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். அப்போதுதான் தங்கை செல்வியின் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் போன நாள் முதல் புனேயில் இருக்கிறாள். எப்போது ஃபோனில் பேசினாலும் முதல் பத்து நிமிஷம் மழையைத் திட்டுவாள். கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு, இருக்கன்குடி மாரியம்மனிடம் ஒரு மழைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கசார்வாடியில் செல்வியின் வீடு ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. பழைய பம்பாய் நெடுஞ்சாலையின் லாரிகளும் அந்தப் பட்டறையும் சேர்ந்து பகல் முழுக்கக் கச்சேரி செய்தன. செல்வி என்னைப் பார்த்ததும், “என்னண்ணே, இப்படி இளைச்சுப் போயிட்டீக?” என்றாள். என் இடுப்பு பெல்ட்டுக்கு அந்த வருஷம்தான் புதிதாக ஓட்டை போட்டிருந்தேன், வெளிப்பக்கமாக. தங்கைகள் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்காகவே அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

“உட்காருங்க. பட்டாட்டாப் பொரியல் வச்சிருக்கேன்” என்றாள்.

பட்டாட்டா என்றால் ஏதோ வடநாட்டுக் கொடியில் காய்க்கும் அபூர்வமான காய் என்று நினைத்து ஆவலோடு காத்திருந்தேன். உருளைக்கிழங்கு வந்தது. அந்த ஊரில் என் காதுக்கு விழுந்த முதல் அடி அது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் புருஷன் பால்ராஜ், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். பகல் முழுக்க வெடிகுண்டோடு புழங்கிவிட்டு வந்து, படுத்த மாத்திரத்தில் குழந்தை மாதிரி தூங்குவார். நானோ பகல் முழுக்க ஒரு பொத்தானை அமுக்குகிறவன், ராத்திரி நாலு தடவை எழுந்து உட்காருவேன். பிள்ளை மீனா ஐந்தாம் வகுப்பு. “மாமா, நீங்க பாதல் ஃபோட்டோ நிகால்றதுக்கா வந்தீங்க?” என்று கேட்டாள். பாதல் என்றால் மேகம் என்று அவள் அம்மா மொழிபெயர்த்தாள். “ஆமாம்மா” என்றேன். “அது ஸ்மைல் பண்ணுமா?” என்றாள். என் தொழிலின் அடிப்படைச் சிக்கலை இத்தனை சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி வானம்.

“மாப்ளே, மழைக்காலம்னு சொன்னாங்களே?”

“வரும் மச்சான். இங்க மழைக்கும் டைம் ஆபீஸ் உண்டு. கார்டு பஞ்ச் பண்ணிட்டுத்தான் உள்ள வரும்” என்றார் பால்ராஜ்.

மறுநாள் மத்தியானம் பஞ்ச் பண்ணியது. கிழக்கே ஒரு மேகம் முளைத்து, கொதிக்கிற பால் மாதிரி பொங்கி மேலே போனது. நான் ஸ்டாண்டோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் டி.வி. ஆன்டெனா, மின்சாரக் கம்பி, தண்ணீர்த் தொட்டி, யாரோ ஒருவருடைய கோடுபோட்ட டிராயர். இதையெல்லாம் தாண்டி மேகத்தைப் பிடிக்க, மாடிச்சுவரில் ஏறி நின்று ஸ்டாண்டை உயர்த்தினேன். பக்கத்து மாடியிலிருந்து ஓர் அம்மாள் பணிவாக என்னவோ கேட்டார். செல்வி கீழிருந்து சத்தமாகச் சொன்னாள். “நீங்க டெலிபோன் ஆபீஸ்லருந்து அளக்க வந்திருக்கீகளாம்ண்ணே. அவங்க வீட்டுக்கு எப்ப லைன் குடுப்பீகன்னு கேக்குறாங்க.” நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் மூன்று குடும்பங்கள் விண்ணப்பித்துவிட்டன. மேகம் அதற்குள் பின்பக்கமாகப் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் பாணேர்க் குன்று. இப்போது அங்கே அடுக்குமாடிகள் எழும்பி, குன்று வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டதாகக் கேள்வி. அப்போது சுற்றிலும் வயல்தான். போனது சிக்ஸ் சீட்டரில். மூக்கு நீண்ட பெரிய ஆட்டோ, டமடமவென்று இடிமுழங்கிக்கொண்டு போகும். ஆறு பேர் உட்காரலாம் என்பதால் அந்தப் பெயர் என்று நினைத்தேன். இல்லை, ஆறு பேர் இறங்கிய பிறகும் வண்டி நிறைந்திருக்கும் என்பதால்தான். குன்றின் மேல் வடாபாவ் தின்றபடி சாயங்காலம் வரை காத்திருந்தேன்; மேகம் தலைகாட்டவில்லை. பன்னுக்குள் நம் போண்டாவை ஒளித்துவைத்து, கூடவே ஒரு வறுத்த பச்சைமிளகாயைத் தருகிறார்கள். அந்த மிளகாய் மட்டும் இல்லையென்றால் மானம் போயிருக்கும். அதனால்தான் அழுகிறேன் என்று காட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் முழங்கால் தண்ணீர். “எங்கண்ணே போனீக? இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு!” என்றாள் செல்வி. மறுநாள் நகர மாட்டேன் என்று கசார்வாடி மாடியிலேயே குடியிருந்தேன். அன்றைக்குப் பாணேரில் கொட்டியது. மழைக்கு என் முகவரி தெரிந்திருந்தது. தெரிந்துதான் ஒதுங்கிப் போனது.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பால்ராஜ் தொழிற்சாலையில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“மச்சான், மரம், கம்பி, வீடு எதுவும் இல்லாத இடம்தான உங்களுக்கு வேணும்? சாகண் போகணும்.”

“யாரு சாகணும்?”

“சாகண் மச்சான், ஊரு பேரு. வெங்காயச் சந்தை இருக்கிற ஊரு. அங்கருந்து கொஞ்சம் உள்ள போனா மாள்ரான்.”

“யாரு மாள்றான்?”

“அய்யோ, மாள்ரான்னா மராட்டில மேட்டுப் புல்வெளி. கண்ணுக்கெட்டின தூரம் ஒண்ணுமே இருக்காது. மேகம் தரையில காலை வச்சு நடந்து வர்றதைப் பார்க்கலாமாம்.”

நான் கையிலெடுத்த சோற்றைக் கீழே வைத்தேன். “மாப்ளே, ஊரு பேரு சாகண். அங்க போறவன் மாள்றான். எமன் வந்து நேர்ல சொன்னாக்கூட இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டான்.”

செல்வி, “போகாதீகண்ணே” என்றாள். பால்ராஜ், “அப்ப காதுகுத்து” என்றார். போனேன்.

சாகண் வண்டியில் என் மடியில் ஒரு வெங்காய மூட்டை, அதன்மேல் அதன் சொந்தக்காரரின் கை. செல்வி பழைய தலையணை உறையில் தைத்துக்கொடுத்த உறைக்குள் ஸ்டாண்ட் நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவர் அதையே பார்த்துவிட்டு, “துப்பாக்கியா?” என்று இந்தியில் கேட்டார். “கேமரா ஸ்டாண்ட்” என்றேன். “எதை எடுக்க?” “மேகத்தை.” அவர் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் நகர்ந்து எனக்கு நன்றாக இடம் விட்டார்கள். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கிடைத்திருக்காது.

சாகணைத் தாண்டி, வண்டிகள் போதும் என்று நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து நடந்தேன். ஒரு மேடு ஏறினேன்.

பொட்டல் என்றால் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் கரிசலும் பொட்டல்தான். ஆனால் எங்கள் பொட்டலில் எங்காவது ஒரு பனை நின்று, இருக்கிறேன் என்று சொல்லும். இங்கே அதுவும் இல்லை. காய்ந்த புல், கருத்த கல், ஓர் எல்லைக்கல், தூரத்தில் ஒரு வண்டிப்பாதை. மிச்சம் அத்தனையும் வானம். இத்தனை வானத்தை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மேற்கில், மலைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து அது எழுந்துகொண்டிருந்தது.

அதை மேகம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அடிவயிறு கருநீலம், கத்தரிக்காய் நிறம். அந்த அடிவயிற்றிலிருந்து தரைவரைக்கும் சாம்பல் நிறத்தில் மழை, இரும்புக் கடையில் ஷட்டரை இறக்கியது மாதிரி தொங்கியது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே ஓரிடத்தில் மட்டும் வெயில் கசிந்து, அங்கிருந்த புல் தங்கமாக எரிந்தது. பால்ராஜ் சொன்னது சரி. அது நடந்துதான் வந்தது. அவசரமே இல்லாமல், கல்யாணத்துக்குத் தாமதமாக வரும் பெரிய மனுஷர் மாதிரி.

என் கேமரா இரட்டைக் கண் உள்ளது. இடுப்பு உயரத்தில் வைத்து, தலையைக் குனிந்து மேல்மூடிக்குள் இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் உலகம் இடம் வலமாக மாறித் தெரியும். மேகம் வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். இத்தனை வருஷத்துப் பழக்கம் அன்றைக்குக் கைவிட்டது. பயந்து ஒதுங்கிய போதெல்லாம் மேகத்தை நோக்கியே ஒதுங்கினேன். நாலைந்து படம் எடுத்தேன். ஒன்றும் திருப்தியில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும், இன்னும் கொஞ்சம் என்று மேட்டின் உச்சியிலேயே ஸ்டாண்டை ஊன்றி நின்றேன். மின்னல் தூரத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தது. இடி வருவதற்குள் ஒரு வாய் மிக்சர் தின்ன முடிந்தது. பிறகு அதற்கும் இடைவெளி இல்லை.

திடீரென்று காற்று நின்றது. அப்போதுதான் கீழே வண்டிப்பாதையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ஓ பாவூ! காலி பஸ்! காலி பஸ்!”

பார்த்தேன். ஒரு மொபெட் பாதையோரம் படுத்துக்கிடந்தது. பக்கத்தில் பால் கேன்கள். ஓரமாக ஒரு பள்ளத்தில் ஒரு கணவனும் மனைவியும் குந்தியிருந்தார்கள். அந்த அம்மாள்தான் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

பாவூ என்றால் அண்ணன் என்று செல்வி சொல்லிக் கொடுத்திருந்தாள். காலி பஸ்ஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. நாலு நாளாக மனிதர்களின் மேலும் மூட்டைகளின் கீழும் பயணம் செய்தவனுக்கு, இந்தப் பொட்டலில், இந்த நேரத்தில், ஒரு காலி பஸ்! அதை எனக்குத் தெரியப்படுத்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் தொண்டை கிழியக் கத்துகிறார்! எப்பேர்ப்பட்ட ஊர்!

கேமராவை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். பஸ்ஸைக் காணவில்லை. டிரைவர் என்னைக் கவனிக்காமல் போய்விடக் கூடாதே என்று வலது கையை வானத்துக்கு நீட்டி ஆட்டினேன்.

“காலி பஸ்! காலி பஸ்!” அந்த அம்மாளின் குரலில் இப்போது அழுகை.

“கிதர்?” என்று என் இந்தியில் கத்தினேன். எங்கே?

“அங்கேயே! நீ நிக்கிற இடத்திலேயே!” என்று அவரும் இந்தியில் கத்தித் தரையைக் காட்டினார்.

நான் நிற்கிற இடத்துக்கே பஸ் வருகிறதாம்! திரும்பிப் பின்னால் பார்த்தேன். பஸ் வரவில்லை, மேகம்தான் வந்துகொண்டிருந்தது. கைமயிரெல்லாம் குத்திட்டு நின்றது. நன்றி உணர்ச்சியில் புல்லரிக்கிறது என்றுதான், மெய்யாகவே, நினைத்தேன்.

அடுத்தது எனக்குச் சரியாகத் தெரியாது. முதுகைக் கூனிக்கொண்டு ஒரு பச்சைச் சேலை மேட்டில் ஏறி வந்தது தெரியும். என் சட்டையின் பின்பக்கம் ஒரு கைக்குள் போனது தெரியும். சரிவில் தடதடவென்று இழுபட்டுப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தேன். தோளில் ஓர் அடி விழுந்தது. “பஸ்!” என்றார். கால் மடங்கி உட்கார்ந்தேன். கணவர் தன் கால்களைச் சேர்த்து, முழங்காலைக் கட்டி, தலையைக் கவிழ்த்துக் காட்டினார். அப்படியே செய்தேன்.

வெள்ளை. சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. ஒன்றுக்கொன்று காத்திருக்கவில்லை. தரை வயிற்றுக்குள் வந்து இடித்துவிட்டுப் போனது. காதில் ஒரு ரீங்காரம், மூக்கில் கருகிய வாசனை. சிறுவயதில் கேட்ட எல்லாச் சாமி பேரும் வரிசையில்லாமல் வாயில் வந்தது. நடுவே எங்கள் ஊர் எம்.எல்.ஏ. பேரும் வந்ததாக நினைவு. மாரியம்மனிடம், கேட்ட மழையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டேன்.

தலையைக் கவிழ்த்திருந்தேன் அல்லவா? கண்ணைத் திறந்தால், நேர் கீழே, என் இரண்டு செருப்புக்கும் நடுவே கேமரா. மூடி திறந்தே இருந்தது. அதன் கண்ணாடிக்குள் மேகம்.

தரையிலிருந்து பார்த்தால் அது வேறு பிறவி. கீழே நாலு புல் நுனி. அதற்கு மேல் முழுக்க முழுக்க அதுதான், நம்மேல் கவிழப்போவது போல. மழைச்சுவர் ஒரு கல்லெறி தூரத்துக்கு வந்துவிட்டது. என் கை வெடவெடவென்று நடுங்கியது. நல்லவேளை, கேமரா என் கையில் இல்லை, பூமியில் இருந்தது. பூமி நடுங்கவில்லை. அமுக்கினேன். சுருட்டினேன். அமுக்கினேன். “இவனுக்கு என்ன பைத்தியமா?” என்று அந்த அம்மாள் கணவரைக் கேட்டது மொழி தெரியாமலே புரிந்தது. அப்புறம் மழை எங்கள்மேல் விழுந்தது. அந்த அம்மாளே பால் கேனை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி முதலில் என் கேமராமேல் போட்டார். பைத்தியத்தின் குழந்தை நனையக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

மழை ஓய்ந்து மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஸ்டாண்ட் மல்லாந்து கிடந்தது. நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, எல்லைக்கல்லின் தலை பிளந்து, சுற்றிலும் புல் கருகியிருந்தது. ஈரத்தில் இன்னும் புகை வந்தது. அந்த அம்மாள் என் சட்டையை இழுத்துக் கசங்கலைச் சரிசெய்துவிட்டார்.

அவர் பெயர் சுலாபாய், கணவர் தத்து. பக்கத்துக் கிராமம். எருமைகள் வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள். என்னைக் கேட்காமலே வீட்டுக்குக் கூட்டிப்போய், தத்துவின் பைஜாமாவையும் தொப்பியையும் மாட்டிவிட்டார்கள். கம்பு ரொட்டி, கடலைமாவைக் காரமாகக் கிளறிய பிட்லா, இடித்த பச்சைமிளகாய், பச்சை வெங்காயத்தைக் கையால் குத்தி உடைத்தது. எங்கள் வீட்டுக் கம்பங்கூழ் இங்கே ரொட்டியாக வேலை பார்க்கிறது என்று கண்டுகொண்டேன். இன்னொன்று, இன்னொன்று என்று தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிறவனின் பசி தனி ருசி.

மூன்றாவது ரொட்டியில் தைரியம் வந்து, இந்தியும் சைகையுமாகக் கேட்டேன். “அம்மா, அந்தக் காலி பஸ் என்ன ஆச்சு?”

“எந்த பஸ்?” என்றார் சுலாபாய்.

“நீங்கதானே கூப்பிட்டீங்க? காலி பஸ், காலி பஸ்னு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தத்துவுக்கு முதலில் உறைத்தது. மனுஷன் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தார். பிறகு சத்தம் வந்தது. எருமை திரும்பிப் பார்த்தது.

“பாவூ, காலின்னா கீழே. பஸ்னா உட்காரு. கீழே உட்காரு, கீழே உட்காருன்னு இவ கத்தினா, நீ கையை நீட்டி மின்னலை நிறுத்தப் பார்த்தே!”

எனக்குப் பிட்லா புரையேறியது. எங்கள் பாஷையில் காலி என்றால் ஒன்றுமில்லாதது என்று விளக்கினேன். “இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆள் காலின்னா, ஆள் முடிஞ்சான்னு அர்த்தம்.”

சுலாபாய் ரொட்டி தட்டுவதை நிறுத்தவே இல்லை. “அப்ப அதுவும் சரியாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

கேமராவில் கடைசியாக ஒரு படம் மிச்சமிருந்தது. இருவரையும் நிற்கச் சொன்னேன். எருமை இல்லாமல் நிற்க மாட்டேன் என்றுவிட்டார் சுலாபாய். மூவரில் எருமைதான் அசையாமல் நின்றது. தத்து என்னை மொபெட்டின் பின்னால் வைத்துச் சாகணில் கொண்டுவந்து விட்டார். கசார்வாடி பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. யார் யாருடைய முழங்கையோ என் விலாவில் இருந்தது. எனக்கு அது சுகமாக இருந்தது.

பைஜாமா தொப்பியோடு வந்தவனைப் பார்த்துச் செல்வி முதலில் கதவைச் சாத்தினாள். அடையாளம் தெரிந்ததும் அழுதாள். கதை கேட்டதும், “மேகமும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம், ஊருக்குக் கிளம்புங்க” என்று திட்டிக்கொண்டே அந்தத் துணிகளைத் துவைத்து மடித்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமே. பால்ராஜ் மட்டும் நிதானமாகக் கேட்டார். “எல்லாம் சரி மச்சான், படம் வந்துச்சா?”

அதுதானே? காலண்டருக்கான பாசிட்டிவ் ஃபிலிமை மெட்ராஸில்தான் கழுவ வேண்டும். அது கழுவி வரும் வரை நான் தின்றது, தூங்கியது எதுவும் கணக்கில் சேராது. நனைந்திருக்குமோ, மின்னல் வெளிச்சத்தில் வெளுத்திருக்குமோ, பயத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருப்பேனோ? காதுகுத்துக்கு வந்த குழந்தைகளைக் கனவில் கண்டு எழுந்தேன்.

முதலாளி விளக்குப் பெட்டிமேல் படங்களைப் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். மேட்டில் நின்று எடுத்ததை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். “இது தூத்தல்.” “இது வேற ஊருக்குப் போற மேகம்.” தரையிலிருந்து எடுத்ததற்கு வந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“பெய்யும்” என்றார்.

அவ்வளவுதான். ஆனாலும் சிவகாசியில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஆடிப் பதினெட்டு அன்று அந்த மேகம் ஆல்பத்தில் இருந்தது. உரக்கடைக்காரர் மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். அந்தக் காலண்டர் தொங்கிய வருஷம் மழை பெய்ததா என்று கேட்காதீர்கள். பெய்தது. என்னால் அல்ல. ஆனால் யாராவது அப்படிச் சொன்னால் நான் குறுக்கே பேசுவதில்லை.

காலண்டர் அச்சானதும் இரண்டு பிரதிகளையும் எருமைக் குடும்பத்தின் படத்தையும் பால்ராஜுக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பைஜாமாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து ஃபோன் செய்தார்.

“அவங்க படத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷம் மச்சான். எருமை நல்லா விழுந்திருக்குன்னு சொன்னாங்க.”

“காலண்டரு?”

“அதை இந்தம்மா ரொம்ப நேரம் பார்த்துச்சு. நான் இது என்ன எழுத்து, என்ன ஊருன்னு சொல்ல வாயெடுத்தேன். அது காதுலயே வாங்கல. மேகத்து மேல விரலை வச்சு, ‘அட, இது அன்னிக்கு என் வறட்டியெல்லாம் கரைச்சுட்டுப் போனதுல்ல!’ன்னு திட்ட ஆரம்பிச்சுருச்சு. இன்னும் அதும்மேல கோபம் தீரல மச்சான்.”

பால்ராஜ் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துச் சொந்தப் பெண்டாட்டியே “இது யாரு?” என்று கேட்ட வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. ஒரு மேகத்தை, முகத்தைப் பார்த்து, இன்னார்தான் என்று சொல்லிவிட்டார் ஒருவர்.